கெழவனைப் பாத்துச் சிரிக்காத கண்ணு

சிரி கண்ணு, நல்லாச் சிரி. எழுவது தாண்டுன அப்புச்சி கோலைப் புடிச்சுக்கிட்டு ஆடு ஓட்டறதைப் பாத்தா உனக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். எம்பட வயசு உனக்கு வர்றப்ப உன்னையப் பாத்துச் சிரிக்கறக்கு ஊருக்குள்ள ஒரு எளவட்டமும் மிச்சம் இருக்காது. அந்தத் தைரியத்துலதான் நானும் பேசாம இருக்கறன்.

வெளையாட்டுக்குச் சொல்லுல. மத்திய சர்க்காரு போட்ட சனத்தொகைக் கணிப்புப்படி, 2021-ல தமிழ்நாட்டுல 100 பேத்துக்குக் கிட்டத்தட்ட 14 பேரு அறுவது தாண்டுனவீங்க. 2031-ல அது 18 ஆயிருமாம். பெரிய மாநிலங்கள்ல கேரளாக்காரன் மட்டுந்தான் நம்மளைவிடக் கெழவன். ஒரு பொம்பளைக்குச் சராசரியா 2.1 கொழந்தை பொறந்தாத்தான் சனம் கொறையாம நிக்கும். 2020-ல நம்ம கணக்கு 1.4. பாயிண்டு நாலு கொழந்தை எப்படி இருக்கும்னு என்னையக் கேக்காத, டிகிரி படிச்சவன் நீதான்.

எங்கப்பனுக்கு நாங்க ஏழு பேரு. அவரு எந்த ஆபீசுலயும் கையெழுத்துப் போடுல, எந்தப் பாலிசியும் கட்டுல. மூத்தவன் சோறு போடுலீன்னா நடுவலவன் ஊட்டுத் திண்ணை, அங்கயும் மூஞ்சியக் காட்டுனா கடைசிப் புள்ளை ஊடு. மருமகளுக மொணங்குனாலும் வட்டல்ல சோறு விழுந்துது. அப்பறம் சர்க்காரு செவுத்துக்குச் செவுரு செவப்பு முக்கோணம் வரைஞ்சு ரெண்டோட நிறுத்துன்னு சொல்லுச்சு. சொன்ன பேச்சைக் கேக்கறதுல நம்மளை அடிச்சுக்க ஆளில்லை; ரெண்டு சொன்னா ஒண்ணோட நிறுத்துனோம். நீ ஒத்தை. நீ கட்டப்போறவளும் ஒத்தை. ஏழு பேரு தூக்குன சப்பரத்தை ரெண்டு பேரு தூக்கோணும், அதுல ஒக்காந்துட்டு வர்றது உங்கப்பன், உங்கம்மா, மாமனாரு, மாமியா, கூடவே நானும் உங்க அம்மத்தாவும். நாங்க கனம் கொஞ்சம் கம்மிதான், பயப்படாத.

இதுக்குப் பெரிய மனுசங்களும் வைத்தியம் சொல்லியிருக்காங்க. 2024 அக்டோபர்ல ஆந்திரால சந்திரபாபு நாயுடு புள்ளைகளை எச்சாப் பெத்துக்கங்கன்னாரு. அதே மாசம் ஸ்டாலினும் ஒரு கல்யாண மேடையில பதினாறு பெத்துக்கலாமான்னு கேட்டு எல்லாரையும் சிரிக்க வெச்சாரு. பெத்துக்கலாம், ஆரு வேண்டாம்னது? ஸ்கூல் பீஸு ஆரு கட்டறது? இன்னக்கிப் பொறக்கற புள்ளை சம்பாதிச்சுட்டு வர்றக்கு இருவது வருஷத்துக்கு மேல ஆவும். அதுவரைக்கும் அதுவும் சப்பரத்து மேலதான்.

'ஆளு கொறைஞ்சா கூலி தன்னால ஏறுமல்ல அப்புச்சி'ங்கற. அதுவும் நாயந்தான். தேங்கா போடற ஆளு நம்ம தோட்டத்துக்கு வர்றதுக்கு இப்ப நாமதான் அவன் ஊட்டு வாசல்ல நிக்கோணும். ஆனா திருப்பூருக்குப் போய்ப் பாரு. கூலி ஏறறதுக்கு முன்னால ரயிலு வந்துருது. பீகாரு, ஒடிசாவுல இருந்து பசங்க மூட்டையோட எறங்கறாங்க, மொதலாளிக்கு மூச்சு வருது. எத்தனை நாளைக்கு? 2019-21 சர்வேயில பீகாருக்கு 3 கொழந்தை, நாடு முழுக்கப் பாத்தா 2 தான். அங்கயும் கொறைஞ்சுக்கிட்டே வருது. பீகாருக்காரன் ஊட்டுலயும் ஒத்தைப் புள்ளைன்னு ஆனதுக்கு அப்பறம் ரயில்ல ஆரு வந்து எறங்குவான்? மொதலாளி அன்னக்கி மெசினை வாங்குவான். மெசினும் ஆவாத வேலைக்கு எங்களைக் கூப்புடுவான்.

இப்பவே கூப்புடறான். சர்க்காரு நூறு நாள் வேலைன்னு கூப்பிட்டப்ப மம்பட்டியோட வந்து நின்னது பூரா நரைச்ச தலைக. ஏ.டி.எம். வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு இருக்கறவரு வயசைக் கேட்டுப் பாரு. அவருக்கு உறக்கம் வராதுங்கறதுதான் அந்த வேலைக்கு அவருகிட்ட இருக்கற ஒரே தகுதி. உங்க கம்பெனியில பவர் டேபிள்ல ஒக்காந்து தைக்கற ஒரு அம்மா, ஊசியில நூலு கோக்கறக்குப் பக்கத்துல இருக்கற புள்ளையக் கூப்புடுதுன்னு நீதான் சொன்ன. சொல்லிட்டு நீ சிரிச்ச. பீஸ் ரேட்டுக்குத் தைக்கற பொழப்பு கண்ணு அது. ஒவ்வொரு வாட்டியும் நூலு கோக்க ஆளு தேடுனா பீஸு கொறையும், பீஸு கொறைஞ்சா சனிக்கெழமை கைக்கு வர்ற காசு கொறையும். மாசச் சம்பளக்காரனுக்கு வயசானா அனுபவம்னு சொல்லிக் கூட்டிக் குடுப்பாங்க. பீஸ் ரேட்டுக்காரிக்கு வயசானா கொறையத்தான் செய்யும். அதுலயும் கான்ட்ராக்ட்ல இருக்கற பல பேத்துக்கு பி.எஃப்.கூடக் கெடையாது. ரிட்டையர்மென்டுங்கற வார்த்தையே அவங்களுக்குக் கைகாலு விழுகற நாளுதான்.

உனக்கு பி.எஃப். இருக்குது. இருந்து என்ன பண்றது, 1,800 புடிச்சுட்டாங்கன்னு மாசாமாசம் ஒப்பாரி வெக்கற. வா, கணக்குப் போடலாம். அடிப்படைச் சம்பளம் 15,000. அதுல 12 சதவீதம் உன்ட்ட புடிச்சா 1,800. கம்பெனியும் 1,800 போடோணும். அதுல 1,250 பென்சன் பக்கம் போயிரும், 550 உம்பட கணக்குக்கு வரும். ஆக மாசம் 2,350. வட்டி 8 சதவீதம்னு வெச்சுக்க. 2024-25-க்கு 8.25 குடுத்தாங்க, தொண்ணூறுகள்ல 12 குடுத்தாங்க, அதைப் பேசுனா வகுறு எரியும், உடு. 23 வயசுல ஆரம்பிச்சு 58 வரைக்கும் கையே வெக்காம இருந்தா 50 லட்சத்துக்குப் பக்கத்துல வந்து நிக்கும். போட்டது பத்து லட்சங்கூட இல்லை. அதையே பொறவு பாத்துக்கலாம்னு 33 வயசுல ஆரம்பிச்சா 21 லட்சம். பத்து வருஷம் உறங்குனதுக்கு 29 லட்சம் கூலி. நான் ஆடு மேய்க்கற காட்டுல வேப்ப மரத்தடியில சும்மா உறங்கறன், எனக்கு ஆரும் பில்லு போடறதில்லை.

குதிக்காத, இன்னும் இருக்குது. வெலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுதுன்னு வெச்சா, 35 வருஷம் கழிச்சு வர்ற அந்த 50 லட்சம் இன்னக்கிக் கணக்குக்கு ஆறரை லட்சம். பென்சனும் அப்படித்தான். 15,000-த்தை 35 வருஷத்தால பெருக்கி 70-ஆல வகுத்தா 7,500. வெலைவாசி ஏறுனாலும் அது ஏறாது. 2014-ல கொறைஞ்ச பென்சன் 1,000-ன்னு வெச்சாங்க, அந்த ஆயிரம் இன்னும் அங்கயே ஒக்காந்திருக்குது. 18 வயசுல மாசம் 210 கட்டுனா அறுவதுல இருந்து 5,000 தர்ற அடல் பென்சனும் இருக்குது. கேக்க இனிக்கும். அந்த 5,000 அன்னக்கி வர்றப்ப இன்னக்கி 500 ரூவாக்குக்கூட நிக்காது. அப்ப வேண்டாமான்னா, வேண்டும். இதை மட்டும் நம்பிக்கிட்டு இருக்காதங்கறன். சம்பளம் ஏறறப்ப பைக்கு மாத்தறயல்ல, அந்த ஏத்தத்துல பாதியை வேற பக்கமும் ஒதுக்கு.

நீ பண்ணுன கூத்து இருக்குதே! ரெண்டு கம்பெனி மாறுன, ரெண்டு வாட்டியும் பி.எஃப். பணத்தை வழிச்சு எடுத்த. ஒண்ணு போனுக்கு, ஒண்ணு புல்லட்டுக்கு. பத்து வருஷம் சர்வீசு இருந்தாத்தான் பென்சனே. பென்சன் பங்கையும் சேத்து எடுக்க எடுக்க அந்தப் பத்து வருஷம் மறுபடி பூச்சியத்துல இருந்து ஓடும். எடுக்காம அடுத்த கம்பெனிக்கு மாத்திக்கிட்டு இருந்திருந்தா பழைய சர்வீசும் சேந்திருக்கும். அறுவத்தஞ்சு வயசுல அந்தப் புல்லட்டை ஒதைச்சு ஸ்டார்ட் பண்றக்கு உனக்கு ஒரு ஆளு வேணும், அந்த ஆளு கெடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு முன்னாலயே சொல்லிப்புட்டன்.

சர்க்காரு சோறு போடும்னு நெனைக்கறயா? 2003 ஏப்ரலுக்கு முன்னால வேலைக்குச் சேந்த வாத்தியாருக்குக் கடைசிச் சம்பளத்துல பாதி பென்சன். அதுக்கப்பறம் சேந்தவருக்கு அவரு சம்பளத்துலயும் பங்கு புடிச்சுத்தான் பென்சன்னு மாத்துனாங்க. கொரோனா வந்தப்ப ரிட்டையர் ஆவற வயசை 58-ல இருந்து 59 ஆக்குனாங்க, அடுத்த வருஷமே 60. ஒரேயடியா செட்டில்மென்ட் குடுக்கறதைத் தள்ளிப் போட்டாப்புலயும் ஆச்சு, வேலைக்குக் காத்திருந்த உன்னையாட்டப் பசங்க இன்னம் ரெண்டு வருஷம் பரிச்சைக்குப் படிச்சாப்புலயும் ஆச்சு. ஒண்ணுமே இல்லாத கெழடுகளுக்கு முதியோர் உதவித்தொகையை 2023-ல 1,200 ஆக்குனாங்க, நாளைக்கு 40 ரூவா.

கடைசியா உங்கப்பனுக்கு ஒண்ணு சொல்லிரு. சொத்தை எழுதி வாங்கறக்குத்தான் அந்த ஆளு எனக்கு ஆட்டுக்கால் சூப்பு வெச்சுத் தர்றாருன்னு எனக்குத் தெரியும். சூப்பு நல்லாத்தான் இருக்குது, நிறுத்தச் சொல்லாத. ஆனா 2007-ல வந்த பெத்தவங்க பராமரிப்புச் சட்டத்தையும் நான் படிச்சுட்டன். தானசெட்டில்மென்ட் எழுதறப்ப 'கடைசி வரைக்கும் பாத்துக்கோணும்'னு ஒரு வரி பத்திரத்துல ஏத்திட்டா, பாக்காதவன்ட்ட இருந்து ஆர்.டி.ஓ. மூலமாத் திருப்பி வாங்கலாம். அந்த வரி இல்லாமக் கையெழுத்துப் போட்டவீங்க கேஸு நடத்தியே மீதிக் காலத்தை ஓட்டறாங்க. காட்டுப் பத்திரம் எம்பட பொட்டியில இருக்குது, சாவி எங்க இருக்குதுன்னு உங்க அம்மத்தாவுக்குக்கூடத் தெரியாது.

நீ நாளைக்கு வேலைக்குப் போறதுக்கு முன்னால போனை எடுத்து உம்பட பி.எஃப். யு.ஏ.என். கணக்கைத் தெற. பேரும் பொறந்த தேதியும் ஆதார்ல இருக்கறாப்புலயே இருக்குதான்னு பாரு. பழைய கம்பெனிக் கணக்கு மாறி வந்திருக்குதான்னு பாரு. நாமினி எடத்துல உங்கம்மா பேரு இருந்தா இப்போதைக்குச் செரி, தைமாசம் கல்யாணம் ஆனா அது செல்லாது, மறுபடியும் புதுசாப் போடோணும்.