அழிந்த கழிமுகமும் அழியாத பதிவேடும்

2017 டிசம்பரில் சிங்குலாரிட்டிநெட் என்ற அமைப்பு கிரிப்டோ டோக்கன் விற்றது. ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் 3 கோடியே 60 லட்சம் டாலர் வசூல். சரக்கு என்ன? செயற்கை அறிவுக்கு ஒரு சந்தை. யார் வேண்டுமானாலும் தன் ஏ.ஐ. சேவையைக் கடைவிரிக்கலாம், கணக்கு பிளாக்செயினில் கிடக்கும், நடுவே நாட்டாமை கிடையாது. 2024-ல் வேறு இரண்டு டோக்கன்காரர்களோடு கூட்டணி. பரவலாக்கக் கிளம்பியவர்கள் ஒரே குடைக்குள் போய் நின்றுகொண்டார்கள்.

தமிழ்நாட்டு அரசு சளைத்ததா? 2020 செப்டம்பரில் பிளாக்செயினுக்கு ஒரு கொள்கை, ஏ.ஐ.க்கு ஒரு கொள்கை. ஆட்சி மாறியது, மோகம் மாறவில்லை. 'நம்பிக்கை இணையம்' என்று பெயர் வைத்து அரசே பிளாக்செயின் கட்டமைப்பு கொண்டுவந்தது. ஆவணத்தில் ஒரு எழுத்தைக்கூட யாரும் திருத்த முடியாதாம்.

நாட்டாமை இல்லாத பங்கீடு பழவேற்காட்டுக்குப் பழைய சமாச்சாரம். மீனவர்கள் அதைப் 'பாடு' என்பார்கள். ஏரியில் எந்த இடத்தில், எந்த முறையில், யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுத் தீர்ப்பார்கள். நல்ல இடம் இன்று உனக்கு, நாளை எனக்கு. சர்வரும் இல்லை, முதலீட்டாளரும் இல்லை. இதற்காக யாரும் கற்பூரம் கொளுத்த வேண்டாம். பாடு முறையில் பெயர் இருப்பது பட்டினவர் ஆண்களுக்குத்தான். கையால் இறால் தடவும் இருளருக்கும் பெண்களுக்கும் அங்கே கதவு சாத்தியே கிடக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் தண்ணீர் ஒருநாளும் தொலைந்ததில்லை.

தொலைந்தது சர்க்கார் கணக்கில். பழவேற்காட்டுக்குத் தெற்கே, அதே நீர்வழியில் கிடக்கிறது எண்ணூர் கழிமுகம். 1996-ல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடற்கரை வரைபடத்தில் அது இருந்தது, கட்டுமானம் கூடாத பகுதியாக. பிறகு வந்த வரைபடத்தில் காணோம்! தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியபோது, 2017-ல் குட்டு உடைந்தது. ஹேக்கர் வேண்டியிருக்கவில்லை. ஆற்றையே அழிக்க ஒரு ரப்பர் போதுமாயிருந்தது. அலையாத்தியும் நண்டும் வலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்ற மனிதர்களும் காகிதத்தில் வெறும் மேடாகிப் போனார்கள். அந்த மேட்டில் எதை வேண்டுமானாலும் கட்டலாம் அல்லவா?

பழவேற்காட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவே காட்டுப்பள்ளித் துறைமுகம். 2018-ல் அதானி கைக்குப் போனது. 330 ஏக்கர் சொச்சம் போதாதாம், 6,111 ஏக்கர் வேண்டுமாம். கடல் அரிக்கும், முகத்துவாரம் பாழாகும் என்று குப்பங்கள் தொண்டை கிழியக் கத்துகின்றன. கருத்துக் கேட்பு 2021 ஜனவரியில் என்றார்கள், தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பரில் என்றார்கள், அதையும் தள்ளிவைத்தார்கள். திட்டத்தைக் கைவிட்டோம் என்று மட்டும் வாய் வரவில்லை.

பிளாக்செயின் சங்கிலியில் ஏற்ற இவ்வளவு ஆசை இருக்கிறதே, ஏற்றுங்கள் ஐயா. முதலில் அந்த 1996 வரைபடம். அடுத்து, கழிமுகத்தை அழித்த வரைபடமும் அதில் கையெழுத்துப் போட்ட அதிகாரிகளின் பெயர்களும், தேதியோடு.