வெளியிணைப்பு இயந்திரத்தின் இரட்டைக்கிளவிச் சிதைவு: ஓர் ஆய்வு

படகின் பின்பலகையில் வெளிப்புறமாகப் பூட்டப்பட்டு, கரையேறியதும் கழற்றித் தோளில் சுமக்கப்படும் எஞ்சினே வெளியிணைப்பு இயந்திரம் எனப்படும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒன்றரைக் குதிரைத்திறன் எஞ்சின் 62 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 28 கிலோ எடை கொண்டிருந்தது. படகோட்டிகளின் தோள்வலி அக்காலத்தது எனினும், இவ்வாய்வு அவர்தம் செவிவலியை மட்டுமே பொருளாகக் கொள்கிறது.

நலமுள்ள இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் 'படபட' என ஒலிக்கும். இரட்டித்தே வந்து, பிரித்தால் பொருள் தராத இத்தகைய சொல்லை இலக்கண நூலார் இரட்டைக்கிளவி என்பர். ஒரு சிலிண்டர் எரியாதபோது அவ்வொலி 'பட... பட்' எனப் பிரிந்து, படகு முன்செல்லாது நடுங்கும். மெக்கானிக்குகள் இதனை 'மிஸ் அடித்தல்' என வழங்குவர். பிரிந்த கிளவி பொருள் தராது என்னும் விதிக்கு நடுக்கடலில் கிடைக்கும் சான்று இதுவே.

இந்நோயின் முதற்காரணம் குறித்து மூன்று கொள்கையினர் வழக்காடுகின்றனர். பிளக் வாதிகள், தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றி, முனை இளம்பழுப்பாயின் நலமென்றும், கரிபிடித்து ஈரமாயின் அச்சிலிண்டர் எரியவில்லையென்றும் தீர்ப்பளிப்பர். எண்ணெய் வாதிகள், மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்ததென்பர். தண்ணீர் கனமானதாகலின் கண்ணாடிப் புட்டியில் சிறிது பிடித்து வைத்தால் அடியில் தனியே தங்கி அவர்தம் கூற்றை மெய்ப்பிக்கும். கார்புரேட்டர் வாதிகளோ, மாதக்கணக்கில் கிடந்த எரிபொருள் ஆவியாகி விட்டுச்சென்ற பிசின், ஊசித்துளையன்ன ஜெட்டை அடைத்ததென்றும், எஞ்சின் விரைவோட்டத்தில் ஒழுங்காகவும் மெல்லோட்டத்தில் திக்கியும் ஓடுவதே அதன் அடையாளமென்றும் நிறுவுவர். எந்தச் சிலிண்டர் உறங்குகிறது என்பதை அறிய, காப்பிட்ட குறடால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கும் சோதனையும் உண்டு. விலக்கியபின் ஓட்டம் மேலும் தளர்ந்தால் அச்சிலிண்டர் உழைப்பாளி. மாற்றமேதும் இல்லையெனில் அது முன்னரே உறங்கியது. வெறுங்கையால் இதனைச் செய்தவர் சோதனையை மறுமுறை செய்வதில்லை.

மூன்று கொள்கைகளும் மெய்யே எனினும், அவற்றை ஒப்புநோக்குங்கால் ஒரு பொதுவிதி புலப்படுகிறது: ஒருவர் தம் கையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருப்பதைக் குறைகூற முடியுமோ, அவ்வளவு விரைவாக அதனைச் சந்தேகிப்பார். பிளக் செய்தவர் மீதும், மண்ணெண்ணெய் விற்றவர் மீதும், கார்புரேட்டர் துடைத்தவர் மீதும் பழி சென்றபின்னரே, எண்ணெய்த் தொட்டி மூடியிலுள்ள சிறு காற்றுத் திருகு நினைவுக்கு வரும். புறப்படுமுன் அதனைத் திறந்துவிட வேண்டியவர் படகுக்காரரே. திறக்காதவிடத்து, வெளியேறிய எண்ணெயின் இடத்தைக் காற்று நிரப்ப இயலாமல் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாக, சில நிமிடம் சீராக ஓடிய எஞ்சின் எண்ணெயின்றித் திணறும். குழாயின் நடுவிலுள்ள ரப்பர்க் குமிழும் பட்டினி கிடந்த வயிறுபோல் ஒட்டிப்போகும்.

திருகைத் தளர்த்தியதும் தொட்டி 'உஸ்' என ஒற்றைக்கிளவியால் பெருமூச்சு வாங்க, கயிற்றை இழுத்தவுடன் இரட்டைக்கிளவி மீண்டும் கூடுகிறது. எனினும் கரையில் காத்திருப்போரிடம் 'பிளக்கில் கோளாறு' என்றே அறிவிக்கப்படுவதால், பிளக் வாதம் நாள்தோறும் புதிய சான்றுகள் பெற்று வளர்ந்துவருகிறது.