பூஜ்யமா, நூற்றெண்பதா?

கேள்வி: சப்வூஃபரின் பின்னால் 0, 180 என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதே, எதில் வைப்பது? இப்போது சோபாவில் பாஸ் இல்லை. சமையலறையில் பாத்திரம் அதிர்கிறது.
— ஒரு வாசகர், ஸ்கூடாய், ஜொகூர்

பதில்: சோபாவைச் சமையலறைக்கு மாற்றுவதுதான் எளிய வழி. வீட்டில் சம்மதிக்காவிட்டால் மேலே படியுங்கள்.

முதலில் முன் ஸ்பீக்கர்களின் சிவப்பு, கறுப்பு வயர்களைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் மாறியிருந்தால், தைப்பூச ரதத்தைப் பாதிப்பேர் முன்னாலும் பாதிப்பேர் பின்னாலும் இழுக்கிற கதைதான். வியர்வை உண்டு, நகர்வு இல்லை. அது சரியென்றால், சப்வூஃபரும் ஸ்பீக்கர்களும் ஒலியைப் பங்கிட்டுக்கொள்ளும் கிராஸோவர் எண்ணில் (பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸ்) ஒரே சீரான ஒலியை சப்வூஃபரிலும் ஸ்பீக்கர்களிலும் சேர்த்து ஓடவிடுங்கள். நீங்கள் சோபாவில் உட்காருங்கள், பிள்ளைகள் யாராவது சுவிட்சைத் தட்டட்டும். எதில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி. பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் கவலை வேண்டாம்.

80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 4.3 மீட்டர். சோபாவிலிருந்து சப்வூஃபருக்கும் ஸ்பீக்கர்களுக்கும் உள்ள தூரத்தில் அதில் பாதியளவு வித்தியாசம் வந்தாலே இரண்டு ஒலியும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். சுவிட்சுக்குப் பதில் திருகு இருந்தால் இன்னும் நல்லது, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்க்கலாம். எப்படித் திருப்பியும் மாற்றமே இல்லையா? சுவிட்சைத் திட்டாதீர்கள், சப்வூஃபரை வேறு மூலைக்குத் தள்ளுங்கள்.