வெளிச்சம் போட்டுக் காட்டுங்கள்!

கேள்வி: புது வீட்டு ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போட்டு 24 லைட் பதித்தோம். வருகிறவர்கள் எல்லாம் 'துணிக்கடை மாதிரி இருக்கே' என்கிறார்களே?

பதில்: தள்ளுபடி கேட்காதவரை சந்தோஷப்படுங்கள்! கூரையிலிருந்து ஒரே சீராக வெளிச்சம் கொட்டினால் நிழல் காணாமல் போய்விடும். நிழல் போனால் தூண், திரைச்சீலை, உங்கள் மூக்கு எல்லாமே தட்டை. பாதியை அணைத்துவிட்டு, சுவரோரம் ஒரு விளக்கு, நாற்காலி அருகே ஒரு விளக்கு வையுங்கள். பல்பு அட்டையில் ஒளியின் நிறம் 6500 கெல்வின் (பளிச் வெள்ளை) என்றிருந்தால் 2700-க்கு (இதமான மஞ்சள்) மாறுங்கள். அறையும் முகமும் சேர்ந்தே கனியும்.

கேள்வி: 'டிசைனர் விளக்கு' என்பதில் விலையைத் தவிர வேறென்ன டிசைன்?

பதில்: டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சன் 1958-ல் கோபன்ஹேகன் உணவகம் ஒன்றுக்காக வடிவமைத்த 'ஆர்ட்டிசோக்' விளக்கில் 72 தகடுகள். எங்கே நின்று அண்ணாந்தாலும் வெளிச்சம் தெரியும், பல்பு தெரியாது. கண் கூசாமல் சாப்பிடலாம். பில் வந்ததும் கூசும்.

கேள்வி: கூரையில் துளை போடக்கூடாது என்கிறார் ஹவுஸ் ஓனர். சாப்பாட்டு மேஜைக்கு மேல் விளக்கு தொங்கவிட ஆசை!

பதில்: இத்தாலியின் காஸ்டிலியோனி சகோதரர்கள் 1962-லேயே 'ஆர்கோ' விளக்கில் வழி சொல்லிவிட்டார்கள். ஓரமாக ஒரு பளிங்குக் கல், அதிலிருந்து வில்லாக வளைந்து மேஜைக்கு மேல் வரும் எஃகுத் தண்டு. துளை பளிங்கில் மட்டும்தான். துடைப்பக் கட்டையைச் செருகி இருவராகத் தூக்க! கல் 60 கிலோவுக்கு மேல். வீடு காலி செய்யும்போது ஓனர் சும்மா இருப்பார், உங்கள் இடுப்புதான் ஆட்சேபிக்கும்.