உங்கள் குரல் உங்களுக்கே பிடிக்கவில்லையா?

கேள்வி: டப்பிங் பேச ஆசை. ஆனால் செல்போனில் பதிவு செய்து கேட்டால், 'இதுவா என் குரல்!' என்று வெறுப்பாக இருக்கிறதே?
- ராஜபாளையம் வாசகி

பதில்: இத்தனை நாள் உங்களை ஏமாற்றியது உங்கள் மண்டை ஓடு! பேசும்போது காற்று வழியாக மட்டுமல்ல, எலும்பு வழியாகவும் குரல் காதுக்குள் போகிறது. அதில் கனமான ஒலிகள் தூக்கலாகக் கேட்கும். பதிவில் அது கிடையாது, குரல் மெலிந்துவிடுகிறது. ஊரே கேட்பது அந்தக் குரலைத்தான். யாராவது காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்களா?

ஒரே குரல் என்னவெல்லாம் செய்யும் என்று பார்க்க, பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில், பாசுரங்களைப் பாடி நடிக்கும் அரையர் சேவை பாருங்கள். தலையில் கூம்புக் குல்லாய், கையில் தாளம். அதில் முத்துக்குறி என்ற பகுதியில் அரையர் ஒருவரே தாய், மகள், குறி சொல்லும் கட்டுவிச்சி எல்லாம்! மைக் பிறக்கும் முன்பே நம் பக்கம் இருந்த குரல் நடிப்பு அது.

தினமும் பதிவைப் போட்டுக் கேளுங்கள், பழகிவிடும். ஆனால் டப்பிங்கில், திரையில் உதடு மூடும் நொடியில் உங்கள் வசனமும் முடிய வேண்டுமே, கஷ்டம் அங்கேதான். அதற்குப் பயிற்சி எடுங்கள்.