சொல்தாவுக்குச் சூடு பிடித்த கதை

காரைக்கால் பக்கத்துச் சுரக்குடி ஆண்களுக்கு ஒரு வசதி உண்டு. உடம்புக்கு எது வந்தாலும் பழியைப் போடச் சனீஸ்வரன் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கிறார். திருநள்ளாற்றுக்குப் போய் நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் பிடித்தது விட்டுவிடும். கடன், வழக்கு, கல்யாணத் தடைக்கெல்லாம் இது சரி. ஆனால் ஒன்றுக்குப் போகும்போது நெருப்பாக எரிந்து, வேட்டியில் மஞ்சளாகக் கறை படிகிறதே, அதற்கு? வேட்டியை வேண்டுமானால் குளத்தில் விடலாம். கறை போடுகிறவன் கூடவே வீட்டுக்கு வந்துவிடுகிறான்.

இந்தக் கதைக்கு நாயகன் ஒருவர் வேண்டும். நிஜ ஆள் யாரையும் சந்திக்கு இழுக்காமல், கற்பனையாக ஒரு சொல்தாவை வைத்துக்கொள்வோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவித்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. நம் சொல்தாவுக்குச் சாவு கிடையாது. 1739-இல் பிரெஞ்சுக்காரன் காரைக்காலுக்குள் காலெடுத்து வைத்ததிலிருந்து இன்றுவரை சுரக்குடித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். தலைமுறைக்கு ஒருமுறை தவறாமல் அவருக்குச் 'சூடு பிடித்துக்கொள்ளும்'.

முதல் தடவை உள்ளூர் வைத்தியரிடம் போனார்.

"என்ன தம்பி, எங்க போயிட்டு வந்தே?"

"வயலுக்குத்தான் வைத்தியரே. ஒரே வெயில்."

"பாண்டிச்சேரியில உனக்கு ஏதுடா வயல்?"

வைத்தியருக்குத் தெரியும். வெட்டை (கொனோரியா) என்று சுவடியில் எழுதி வைத்திருப்பதும் தெரியும். இருந்தாலும் நாகரிகம் கருதி வெயிலையே குற்றவாளியாக்கி, இளநீரில் குங்கிலிய பற்பம், நெருஞ்சில் குடிநீர், சிறுபீளைக் கஷாயம் என்று கொடுத்து, புளி காரத்தைத் தள்ளிப் பத்தியம் போட்டார். நீர் தாராளமாகப் பிரிந்தது, எரிச்சல் தணிந்தது. சில வாரத்தில் சீழும் நின்றது. இந்த நோயில் உள்ள சூழ்ச்சியே அதுதான். மருந்தே தின்னாவிட்டாலும் பலருக்குச் சீழ் தானாக அடங்கிவிடும். வைத்தியர் பேர் வாங்குவார், கிருமி உள்ளே நீண்டகாலக் குடியிருப்புக்கு ஏற்பாடு செய்துகொள்ளும்.

வெள்ளைக்காரன் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரனாக இருந்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலைப் பின்னாளில் வெளியே எடுத்தபோது, கப்பல் மருத்துவரின் பெட்டியோடு ஒரு பீச்சாங்குழலும் கிடைத்தது. அதன் முனை எதற்குள் நுழையும் அளவு மெல்லியதோ, அதற்குள்தான் நுழைத்தார்கள். உள்ளே செலுத்தியது பாதரசம். எதிரியின் பீரங்கி பரவாயில்லை என்று மாலுமிகள் கடலில் குதித்திருந்தால் குற்றம் சொல்ல முடியாது.

இந்த மாதிரி நோய்களின் பழியை யார் தலையில் கட்டுவது என்பதிலும் பெரிய சர்ச்சை. பரங்கிப்புண் (சிபிலிஸ்) என்ற பால்வினை நோயைப் பிரெஞ்சு நோய் என்றான் இத்தாலிக்காரன், நேப்பிள்ஸ் நோய் என்றான் பிரெஞ்சுக்காரன். நம்மூரில் பொதுவாகப் பரங்கி தலையில் கட்டினோம். காரைக்காலில் மட்டும் பரங்கியே சம்பளம் கொடுக்கிற முதலாளி என்பதால் சொல்தா வாயைத் திறக்கவில்லை. சனீஸ்வரனே சௌகரியம்.

பரங்கிப்புண்ணும் வெட்டையும் ஒன்றா, வேறா? லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் 1767-இல் இதற்குத் தீர்ப்பு எழுதக் கிளம்பினார். வெட்டைக்காரன் ஒருவனின் சீழில் கத்தி முனையைத் தோய்த்து, ஆண்குறியில் இரண்டு இடத்தில் குத்தினார். தன்னுடையதிலா, வேறு பாவப்பட்டவனுடையதிலா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சீழ்க்காரனுக்கோ இரண்டு நோயும் சேர்ந்தே இருந்தன போலும். குத்திய இடத்தில் பரங்கிப்புண் வந்தது. ஆகவே இரண்டும் ஒன்றே என்று 1786-இல் புத்தகம் போட்டார். பெரிய மனிதர் சொல்லிவிட்டார், யார் மறுப்பது? பாரிஸில் பிலிப் ரிக்கோர் 1838-இல் மறுத்து, இரண்டும் வேறு வேறு என்று காட்டும்வரை அரை நூற்றாண்டு போனது. கிருமியை ஆல்பர்ட் நைஸர் கண்டுபிடித்தது 1879-இல்.

இதற்கிடையில் நம் சரக்கே நமக்குத் திரும்பி வந்தது. தாம்பூலத்தோடு நாம் மென்ற வால்மிளகு, 1811 முதல் 1816 வரை ஜாவாவைப் பிடித்து வைத்திருந்த ஆங்கில அதிகாரிகள் கண்ணில் பட்டது. அங்கே வெட்டைக்கு அது கைகண்ட மருந்து என்று கேள்விப்பட்டு லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு சந்தனத் தைலத்துக்கு யோகம் அடித்தது. பாரிஸில் மிதி என்ற கம்பெனி சந்தனத் தைலத்தை உருண்டையில் அடைத்து, நாற்பத்தெட்டே மணி நேரத்தில் குணம் என்று உலகம் பூராவும் விளம்பரம் செய்தது. மைசூர்க் காட்டுச் சந்தனம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய்த் தைலமாகி, சீமை மருந்துக்கடைகளில் ஆண்களின் அவமானத்துக்கு வாசனை சேர்த்தது. முதல் உலகப் போரில் அந்த வியாபாரம் அறுந்ததும்தான் 1916-இல் மைசூர் சமஸ்தானம் தானே தைலம் வடிக்க ஆரம்பித்தது. மைசூர் சந்தன சோப்பு போட்டுக் குளிக்கும்போது இதையெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சொல்தாவுக்கு உருண்டை கேட்கவில்லை. அடுத்தது ழூல் ழானே என்ற பிரெஞ்சு மருத்துவர். இவருடைய அண்ணன் பியேர் ழானே புகழ்பெற்ற மனோதத்துவ நிபுணர். அண்ணன் மனத்தின் அடியாழத்தைக் கழுவினார், தம்பி இதைக் கழுவினார். பாத்திரத்தை உயரே தொங்கவிட்டு, ரப்பர்க் குழாய் வழியாகப் பெர்மாங்கனேட் கரைசலை மூத்திரப்பை வரைக்கும் ஏற்றுவது அவர் முறை. காலரா சமயத்தில் கிணற்றில் கொட்டுவார்களே, அதே ஊதாத் தூள். தினம் தினம், வாரக்கணக்கில். சொல்தாவின் ஒழுக்கம் மிகவும் உயர்ந்திருந்த காலம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

1902 வாக்கில் அமெரிக்காவில் ஆல்பர்ட் பார்ன்ஸ் என்பவர் வெள்ளி கலந்த ஆர்ஜிரால் என்ற மருந்தை விற்கத் தொடங்கினார். வெட்டைக்காரர்களுக்கும், தாயிடமிருந்து தொற்று வாங்கிப் பிறக்கும் குழந்தைகளின் கண்ணுக்கும் அது போனது. பணம் கொட்டியது. அதை வைத்து ஓவியங்கள் வாங்கினார். ரெனுவார் வரைந்தவை மட்டும் 181. பிலடெல்ஃபியாவில் அந்த அழகிகளைப் பார்த்து உருகும் ரசிகர்களிடம், மூலதனம் எங்கிருந்து ஒழுகியது என்று யாராவது மெதுவாகச் சொல்லலாம்.

1937-இல் சல்பா மருந்து வந்தது. ஏழெட்டு வருஷத்தில் கிருமி அதைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டது. 1943-இல் பென்சிலின். போர்க்களத்தில் மருந்து போதாது. குண்டடி பட்டவனுக்கா, விடுதியில் 'காயம்பட்ட'வனுக்கா? சீக்கிரம் துப்பாக்கி தூக்கக்கூடியவனுக்கே என்று முடிவானது. வீரம் வரிசையில் நின்றது, வெட்டை முன்னால் போனது.

அதன் பிறகு நம் சொல்தா சைகோனுக்குக் கப்பலேறினார். இந்தோசீனப் போரில் பிரெஞ்சு ராணுவம் தன் பொறுப்பிலேயே நடமாடும் விடுதிகளை வைத்திருந்தது. மருத்துவப் பரிசோதனை உண்டு, அங்கிருந்த பெண்களுக்கு. இதில் வெள்ளைக்காரர்களுக்குள் வித்தியாசமே கிடையாது. சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர்கள் 1805-லேயே 'லாக் ஆஸ்பத்திரி' திறந்து பெண்களைப் பிடித்து அடைத்தார்கள். 1868-இல் அதற்கென்று சட்டமும் போட்டு, 1888 வரை வைத்திருந்தார்கள். நோய் சிப்பாய்க்கு, பூட்டு அவளுக்கு.

1954 நவம்பர் 1-ஆம் தேதி காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. சொல்தா பென்ஷனோடு சுரக்குடிக்கு வந்தார், கல்யாணம் பண்ணிக்கொண்டார். இதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆணுக்கு எரியும், ஒழுகும், பெரும்பாலும் சில நாளில் தெரிந்துவிடும். பெண்ணுக்குப் பல சமயம் ஒரு அறிகுறியும் இருக்காது. கிருமி சத்தமில்லாமல் மேலேறிக் கருக்குழாயைத் தழும்பாக்கி அடைத்துவிடும். அவள் அரசமரத்தைச் சுற்றினாள், தொட்டில் கட்டினாள். மாமியார் மலடி என்றாள். சொல்தா திண்ணையில் உட்கார்ந்து, எல்லாம் சனி என்றார்.

இப்போது சொல்தா ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிறார். சூடு பிடித்தால் நேராகப் போவது லாட்ஜ் வைத்தியரிடம். 'இளமையில் செய்த தவறு' என்று சுவரொட்டி ஒட்டிய அவர், ஒழுகுவது விந்து, ஒரு மண்டலத்துக்கு லேகியம் என்கிறார். விந்துதான் ஒழுகுகிறது என்று இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரி மருத்துவர் கேலனும் நம்பினார். ஆனால் அவர் அறை எடுத்து முன்பணம் வாங்கியதாகத் தெரியவில்லை. லாட்ஜுக்குப் போகாத நாளில் மெடிக்கல் ஷாப்பில் நாலு சிப்ரோ மாத்திரை வாங்கி, எரிச்சல் நின்றதும் மீதியை அலமாரியில் வைப்பார். வெட்டைக் கிருமிக்கு இப்போது சிப்ரோ பெரும்பாலும் கேட்பதில்லை.

எல்லா எரிச்சலும் வெட்டை ஆகாது. சர்க்கரை, கல், புராஸ்டேட் எதுவாகவும் இருக்கலாம், அதைப் பரிசோதனைதான் சொல்லும். சீழ் வந்தால் பெரும்பாலும் வெட்டை, கிளமிடியா இரண்டில் ஒன்று, அல்லது இரண்டுமே. அரசு ஆஸ்பத்திரியின் பால்வினை நோய்ப் பிரிவில் இதற்குச் சாம்பல் நிறப் பொட்டலம் ஒன்று இலவசமாகத் தருகிறார்கள். அசித்ரோமைசின் ஒரு கிராம், செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம், ஒரே வேளை. நிலைமையைப் பார்த்து செஃப்ட்ரியாக்சோன் ஊசியோ, ஏழு நாள் டாக்ஸிசைக்ளினோ எழுதுவார்கள். கூடவே எச்.ஐ.வி.க்கும் பரங்கிப்புண்ணுக்கும் ரத்தம் எடுப்பார்கள். ஏழு நாள் விலகிப் படுக்க வேண்டும். பாதரசமும் பெர்மாங்கனேட்டும் பார்த்தவருக்கு இது பெரிய தண்டனை இல்லை.

மனைவிக்கும் அதே மருந்து வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குக் கொடுத்ததை அவரே திரும்ப வாங்கிக்கொள்வார். ஆகையால், சொல்தா மாமா, இந்தத் தடவை வண்டியில் அத்தையையும் ஏற்றிக்கொண்டு போங்கள். சனீஸ்வரனை விட்டுவிடுங்கள், அவர் பாவம்.