இளைப்பாற்றியவருக்கு ஒரு விழுக்காடு

1987 டிசம்பரில் அகத்தியமலைக் காட்டுக்குள் ஒரு விஞ்ஞானிகள் குழு ஏறியது. தலைவர் புஷ்பாங்கதன். பாதி வழியிலேயே படித்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டப் போன காணிக்காரப் பழங்குடியினரோ ஏதோ ஒரு காயை மென்றபடி, வீட்டு முற்றத்தில் உலாவுவதுபோல முன்னே போய்க்கொண்டிருந்தார்கள். என்ன காய் என்று கேட்டால் முதலில் வாய் திறக்கவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். விடாமல் கேட்டதும் செடியையே காட்டிவிட்டார்கள். இரக்கப்பட்டால் இதுதான் கதி.

அது ஆரோக்கியப்பச்சை. ஈரநிழலில் ஒண்டி வளரும் சின்னச் செடி. அதன் இலையிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து பிறந்தது. 1995-ல் கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்கு, 10 லட்சம் ரூபாய் கட்டணத்துக்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் உரிமம் போனது. அந்த இரண்டில் ஒன்று காணி மக்களுக்கு. ஆகா, பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலக மாநாடுகளில் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள், அந்தச் செடியை வளர்த்து இலையை விற்கலாம் என்று நினைத்த காணிக்காரருக்குக் குறுக்கே வனத்துறை வந்து நின்றது. காட்டுச் செடியாயிற்றே, அழிந்துவிடுமாம்! தலைமுறை தலைமுறையாக அழியாமல் வைத்திருந்தவன் கை பட்டால்தான் அழியும் போலிருக்கிறது.

மலையின் தமிழ்நாட்டுப் பக்கச் சரிவுக்கு வாருங்கள். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. சோலையை மொட்டையடித்துத் தேயிலை நட்டபோது மரத்தில் ஒட்டியிருந்த எந்தப் பாசியும் மனு கொடுக்கவில்லை.

பாசிக்கு வேர் கிடையாது. மேகம் உரசிப் போனால் உடம்பு முழுவதாலும் குடிக்கும். வெயிலில் கருத்துச் சுருண்டு கிடப்பதன்மேல் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்து பச்சையாகும். பெய்த மழையை ஒரேயடியாக ஓடவிடாமல் பிடித்துவைத்துச் சொட்டுச் சொட்டாக விடும் வேலையில், சோலை மரங்களோடு அதற்கும் பங்குண்டு. இந்த மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணியைக் குடிக்கிற யாரும் பாசியைக் கும்பிட்டதில்லை. புலியாகப் பிறந்திருந்தால் சுவரொட்டியிலாவது இடம் கிடைத்திருக்கும்.

நதிக்கு நாம் செய்யும் மரியாதையைப் பாபநாசத்தில் பார்க்கலாம். பாவத்தோடு சேர்த்து வேட்டியையும் சேலையையும் ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறோம். அள்ளினால் டன் கணக்கில் வருகிறது. புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசையன்று அரசே சிறப்புப் பேருந்து விடுகிறது. அய்யனார்மேல் குறையில்லை. அவர் பிளாஸ்டிக் கேட்டதில்லை.

ஒரு கிழங்கு தோண்டப் போகிற காணிக்காரருக்கு மட்டும் ஆயிரம் கேள்வி. 2006-லேயே வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருள்மீது உரிமை கொடுத்துவிட்டதே என்பார்கள். கொடுத்தது. மலை ஏறுவதற்குள் அந்தக் காகிதத்துக்கும் மூச்சு வாங்குகிறது.

கம்பெனிகளுக்கு அந்தச் சிரமம் இல்லை. 2002-ல் வந்த உயிரினப் பன்மைச் சட்டத்தை 2023-ல் திருத்தினார்கள். ஏட்டில் ஏறிய மருத்துவ அறிவை இந்தியக் கம்பெனி பயன்படுத்தினால் பங்கு தர வேண்டியதில்லையாம். அந்த ஏட்டை எழுதியவனுக்கு மூலிகையைக் கைகாட்டியவன் எந்தக் காட்டுக்காரனோ, அவன் பேர் ஏட்டில் இல்லையே, என்ன செய்வது!

இன்னொன்றும் நடந்தது. பழைய சட்டத்தை மீறினால் ஐந்தாண்டு வரை சிறை. திருத்தத்தில் சிறையை எடுத்துவிட்டார்கள். பணம் கட்டினால் போதும். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் வேர் தோண்டினால் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை. அதை எடுக்கவில்லை.